ஏழாம் நாளுக்கு நான் போடவிடாத பூட்டு

தம்பி,

இந்தக் கடிதம் தபாலில் உன் கைக்கு வருவதற்குள் கோயில் திருவிழா மலரில் அச்சாகியிருக்கும். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம்மைத் தெரிந்தவர்கள் எல்லாரும் படித்து முடித்திருப்பார்கள். மகனுக்கு எழுதுவதை ஊருக்குக் காட்டி எழுதுகிறாரே என்று உனக்குக் கோபம் வரலாம். வரட்டும். உன்னைப் பற்றி நான் ஒரு பொய் சொன்னேன். அதை ஊர் முன்னால்தான் சொன்னேன். திருப்பி எடுத்துக்கொள்வதையும் அங்கேதான் செய்தாக வேண்டும். மலர் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இணையத்தைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்காக உனக்குத் தெரிந்த கதையையும் இடையிடையே சொல்லுவேன். பொறுத்துக்கொள்.

அடுத்த மாதம் மெல்பர்னில் உனக்குக் கல்யாணம். செய்தி இமெயிலில் வந்தது. மேலே முகவரிகள் வரிசையாக இருந்தன. எண்ணாமல் இருக்க முடியவில்லை. நான் பதினேழாவது. எனக்கு முன்னால் உன் பழைய கல்லூரி நண்பன், எனக்குப் பின்னால் யாரோ ஒரு பல் டாக்டர். அகர வரிசையில் போட்டிருப்பான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, அதையும் சரிபார்த்தேன். அகர வரிசை இல்லை. ‘வர முடிந்தால் சந்தோஷம்’ என்று எல்லாருக்கும் எழுதியிருந்ததுதான் எனக்கும். தனியாக ஒரு வரி இல்லை. நான் வரலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு நீளமாக எழுதுவது அந்த ஒரு கேள்விக்காகத்தான். ஆனால் கேட்கிற தகுதி வர வேண்டுமானால் முதலில் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

அங்கே நீயும் இரண்டு நண்பர்களும் சொந்தமாக ஒரு கம்பெனி ஆரம்பித்து, கடைக்காரர்களுக்கு இணையத்தில் ஏதோ செய்யப் போகிறீர்கள் என்று கோயில் ஆபீஸ் மல்லிகா சொன்னாள். எனக்கு நீ எழுதுவதில்லை, அவளுக்கு எழுதுகிறாய் என்பது தெரிந்தபோது கொஞ்சம் வலித்தது. பிறகு, யாருக்காவது எழுதுகிறானே என்று இருந்தது. சொந்தமாகத் தொடங்குகிற மகனுக்கு அப்பன் புத்தி சொல்வது வழக்கம். என்னிடம் இருக்கிற புத்தி எல்லாம் நாம் மூன்று பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்த அந்த ஒரு வேலையிலிருந்து வந்தது. அதிலே நல்லது உன்னுடையதும் மல்லிகாவுடையதும். கெட்டதை நான் சொல்கிறேன்.

எழுபதுகளில் அரசாங்க ஆபீசில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்து, இருபத்தைந்து வருடம் அங்கேயே குப்பை கொட்டியவன் நான். அப்போது கம்ப்யூட்டர் என்றால் ஒரு முழு அறை. அட்டையில் துளை போட்டுத்தான் அதற்கு எதையும் சொல்ல முடியும். ஆள் பெயருக்கு இருபது எழுத்து இடம் ஒதுக்கியிருந்தோம். நம் ஆட்களின் பெயரும் தகப்பன் பெயரும் சேர்ந்தால் இருபதில் எங்கே அடங்கும்? மிச்சம் வெட்டுப்படும். வெட்டுப்பட்டவர்களில் ஒருவர்கூட வந்து கேட்டதில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். ஓரத்தில் ஓட்டை போட்ட பழைய தாள்களைக் கட்டுக்கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவேன். நீ அதன் பின்பக்கத்தில் ரயில் வரைவாய். முன்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டாய். “ஆளுங்க பேருப்பா,” என்றேன். “ஏன் பாதி பாதியா இருக்கு?” என்று கேட்டாய். உனக்கு வயது ஏழோ எட்டோ. நான் அடுத்த தாளைத் திருப்பி உன் முன்னால் வைத்தேன்.

உன் அம்மா தவறிப்போனபோது நீ பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம், பதினேழு வயது. அதற்குப் பிறகு கிள்ளான் வீட்டில் நாம் எப்படி இருந்தோம் என்பதை ஊருக்குச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நீ சாப்பிட்டுப் போன பிறகு நான் சாப்பிடுவேன். அரிசி தீர்ந்தது என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுவோம். உன்னிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. நீ எதையாவது கேட்டு, அது உன் அம்மாவைப் பற்றியதாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். நீயும் அதே பயத்தில்தான் இருந்திருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது. நாலைந்து வருடம் அப்படியே ஓடியது. பிறகு நீ கல்லூரி முடித்து ஒரு கம்ப்யூட்டரையும் மோடத்தையும் வாங்கிவந்து ஹாலில் வைத்தாய். அது கீச்சுக்கீச்சென்று கத்தி லைன் பிடிக்கும் சத்தம்தான் அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு நான் கேட்ட சத்தம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். “இது எப்படிப்பா வேலை செய்யுது?” என்று உன்னிடம் நான் கேட்டேன். அன்று இரண்டு மணி நேரம் பேசினோம்.

நான் ஓய்வு பெற்றதும் கோயிலே கதி என்று இருந்தேன். செயலாளராகவும் ஆக்கிவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் கோயில் ஆபீசில் பன்னிரண்டு வருடமாகக் கவுண்டரில் உட்காருகிறவள் மல்லிகா. அபிஷேகத்துக்கு எந்த நாள் காலி, அன்னதானத்துக்கு எந்த வெள்ளி கிடைக்கும் என்று நாள் முழுக்கத் தொலைபேசி அடிக்கும். ஷா ஆலமிலும் செராஸிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் அம்மா அப்பாவுக்காக ஆபீசிலிருந்து கூப்பிடுவார்கள். லைன் கிடைக்காது. அவர்கள் மேசையிலே இணையம் இருக்கிறதே, அதிலேயே நாள் பார்த்துப் பதிந்துகொள்ளட்டுமே என்று நீதான் முதலில் சொன்னாய். ரிங்கிட்டின் மதிப்பு விழுந்த வருடம், உனக்கும் நிலையான வேலை இல்லை. பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை எடுத்தோம். எதிரே புது ரயில் நிலையத்துக்கு அஸ்திவாரப் பைல் அடிக்கிறார்கள், மேசையிலிருந்த தேத்தண்ணி ஆடும். மல்லிகா அரை நாள் கோயிலில், அரை நாள் நம்மோடு.

உனக்கு ஞாபகம் இருக்கும், முதலில் நான் காகிதத்தில் போட்டுத் தந்த பக்கத்தில் பதினான்கு கட்டம். பெயர், தகப்பன் பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரம், அடையாளக் கார்டு நம்பர், வேலை, இன்னும் என்னென்னவோ. நீ அதை அப்படியே திரையில் கொண்டுவந்தாய். மல்லிகா வந்து பார்த்தாள். உள்ளங்கையை விரித்துத் திரையின் கீழ்ப்பாதியை மூடினாள்.

“இவ்ளோ கேள்வி நான் கவுண்டர்ல கேட்டா அடுத்த கோயிலுக்குப் போயிருவாங்க லா சார்.”

“வெவரம் வேணாமா மல்லிகா?” என்றேன்.

“பேரு, போன் நம்பரு, எந்த நாளு, என்ன பூஜை. நட்சத்திரம் குருக்களே கேட்டுக்குவாரு. அடையாள கார்டு எதுக்கு? சாமியா கேட்டுச்சு?”

நீ சிரித்த சிரிப்பு! நான்கு கட்டம் என்று முடிவானது. அன்றைக்கே நாம் ஒரு விதியும் வைத்துக்கொண்டோம். மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான் எதையும் சேர்ப்பது, எதையும் விலக்குவது. அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியது நான். இதைக் கவனமாகக் கேட்டுக்கொள், உன் கம்பெனிக்கு என்னால் தர முடிந்த நல்ல புத்தி இவ்வளவுதான்: கவுண்டரில் உட்காருகிற ஆள் உங்கள் மேசையில் உட்கார வேண்டும். பெரிய படிப்புப் படித்தவர் வேண்டாம், தினமும் அந்த வேலையைப் பார்க்கிறவர் வேண்டும். நீ என்ன போடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது எதை எடுக்கலாம் என்று அவர் சொல்லுவார். மூன்று பேருக்கு மேல் ஆள் சேர்க்க அவசரப்படாதே. நமக்குப் போட்டியாகப் பெரிய கம்பெனி ஒன்று ஏகப்பட்ட பேரை வைத்து ஒரு பக்கம் செய்தது. திறந்தால் மணி அடிக்கும், கோபுரம் சுழலும், நாதஸ்வரம் கேட்கும். நாதஸ்வரம் முடிந்து நாள் பார்ப்பதற்குள் லைன் அறுந்துவிடும். நம்முடையது வெறும் எழுத்தும் கோடும். கண் மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கும். ஒரே வருடத்தில் கிள்ளானிலிருந்து ரவாங் வரை பதினோரு கோயில் நம் பக்கத்துக்கு வந்தன. நான் தலைகால் தெரியாமல் ஆடினேன். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்: காலி என்றால் காலி, பதிந்தால் பதிந்தது, நடுவில் ஒரு மனிதனும் வேண்டாம்.

அந்த வாயால்தான் கெட்டேன்.

மலர் படிக்கிற இளம்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். திருவிழா பத்து நாளில் ஒவ்வொரு நாள் பூஜையையும் சாப்பாட்டையும் ஒரு குடும்பமோ ஒரு கூட்டமோ ஏற்றுச் செய்வது உபயம். பிரிக்பீல்ட்ஸில் ஏழாம் நாள் உபயம் தண்டவாள வேலை செய்தவர்களுடையது. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த அந்தக் குடும்பங்கள் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அதைச் செய்துவருகின்றன. ஆனால் கோயில் பதிவேட்டில் எந்த வருடமும் அவர்கள் பெயர் இருக்காது. நாள் கேட்டு வருகிறவர்களைத்தானே பதிவேட்டில் எழுதுவார்கள்? அவர்கள் கேட்டதே இல்லை. ஆறாம் நாள் சாயங்காலம் அண்டாவையும் காய்கறியையும் லோரியில் கொண்டுவந்து இறக்குவார்கள், அவ்வளவுதான். குவார்ட்டர்ஸை இடித்த பிறகு ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிப்போனார்கள். செராஸ், ரவாங், பந்திங் என்று போனவர்கள் எல்லாரும் வருடத்தில் ஒன்றுகூடுகிற நாள் அது ஒன்றுதான். அவர்களுக்குத் தலைவர் வேலாயுதம் அண்ணன், தண்டவாளக் கேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைக் ‘கிராணி’ என்று கூப்பிடுவார். ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவர்களுக்கு அவர் தலைமுறை வைத்த பெயர்.

திருவிழா நாட்களையும் நம் பக்கத்தில் போட வேண்டும் என்று வந்தபோது, நீ சொன்னாய்: “அப்பா, சில நாளு ஏற்கனவே ஆளுங்களுக்கு உள்ளது. கேட்டு எழுதி, அதுக்கெல்லாம் பூட்டு போட்டுருவோம்பா. கொஞ்ச வரிதான்.” மல்லிகாவும் அதையே சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். ஒருவருக்குப் பூட்டுப் போட்டால் நாளைக்கு ஊரே வந்து பூட்டுக் கேட்கும், நம் பக்கம் எளிமையாக இருப்பதால்தான் ஓடுகிறது, விதிவிலக்கு என்று ஒன்று நுழைந்தால் எல்லாம் போச்சு என்று அரை மணி நேரம் பேசினேன். “எங்க எழுதியிருக்கு அது அவங்க நாளுன்னு? காட்டு,” என்றேன்.

“எழுதலைன்னா இல்லைன்னு அர்த்தமா சார்?” என்றாள் மல்லிகா.

நீங்கள் இரண்டு பேரும் வேண்டும் என்கிறீர்கள், நான் ஒருவன் வேண்டாம் என்கிறேன். விதிப்படி பார்த்தால் ஒத்துக்கொள்ளும்வரை திருவிழா நாட்களைப் பக்கத்தில் போட்டிருக்கவே கூடாது. நான் என்ன செய்தேன்? “இதுல நான் சொல்றதுதான்,” என்று எழுந்து போய்விட்டேன். சுவரில் நான் ஒட்டிய தாள் என் முதுகுக்குப் பின்னால் அப்படியே இருந்தது. நீ அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதை நீ நம் வீட்டில் என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாய்.

மல்லிகா மகளின் பிரசவத்துக்கு ஈப்போ போனாள், மூன்று வாரம். அந்த வருடம் நிர்வாகக் குழுவும் புதுசு. ஷா ஆலமில் தொழிற்சாலை வைத்திருக்கிற ஒருவர் ஒரு மத்தியானம் நம் பக்கத்தைத் திறந்து, ஏழாம் நாள் காலி என்று பார்த்து, பெயரும் போன் நம்பரும் போட்டு அழுத்திவிட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. காலி என்று நாம்தானே காட்டினோம். நடுவில் மனிதன் வேண்டாம் என்று நான் பீற்றிக்கொண்டபடியே, பட்டியல் நேராக அச்சகத்துக்குப் போய் அழைப்பிதழாக வந்துவிட்டது. கவுண்டரில் அவள் இருந்திருந்தால் அந்தப் பட்டியல் படி இறங்கியிருக்காது.

வேலாயுதம் அண்ணன் அழைப்பிதழை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். என் முன்னால் விரித்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “கிராணி, ஏழாம் நாள்ல நம்ம பேரு எங்க இருக்கு? எனக்குக் கண்ணு சரியா தெரியல,” என்றார். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். இருக்க வேண்டியது இல்லை என்று அவரால் நம்ப முடியவில்லை. நான் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டப மாடியில் கூட்டம். தொழிற்சாலைக்காரர் தம் ஆட்களுக்கெல்லாம் அழைப்பிதழ் கொடுத்து முடித்துவிட்டார், விட்டுத்தர மாட்டேன் என்கிறார். அண்ணன் கூட்டத்துக்கு நான்காம் நாளைத் தருகிறோம் என்று குழு சொல்கிறது. “நாலாம் நாளு இன்னொருத்தன் நாளு. அது எங்களுக்கு எதுக்கு?” என்று அவர் உட்கார்ந்துவிட்டார். அப்போது கோயில் தலைவர் திரும்பி, “யாருப்பா இத எழுதுனது?” என்று கேட்டார். நீ பின்னால் காற்றாடிப் பக்கம் பதிவுத் தாள்களோடு நின்றாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: “மகன்தான் எழுதுனான். சின்னப் பையன், நம்ம வழக்கமெல்லாம் தெரியாது. நான் பாத்திருக்கணும்.”

உனக்கு இருபத்துநான்கு வயது. வழக்கம் தெரிந்தவன் நீதான், தெரிந்தும் மறுத்தவன் நான். ‘நான் பாத்திருக்கணும்’ என்று கடைசியில் சேர்த்தேனே, அதுதான் இருப்பதிலேயே கேவலம். பெருந்தன்மையான அப்பன் என்று நாலு பேர் நினைத்திருப்பார்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். பையன் செய்தது என்றால் திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள், செயலாளர் செய்தது என்றால் விட மாட்டார்கள் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டேன். அந்தப் பதவி போனால் எனக்குப் போக வேறு இடம் இல்லை என்று பயந்தேன். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு கையிலிருந்த தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கிக்கொண்டு, “ஆமாங்க. மன்னிச்சிருங்க,” என்றாய்.

அன்று கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். “பேச்சு வாக்குல வந்துருச்சுப்பா. பெருசா எடுத்துக்காத,” என்றேன். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “சாப்பாடு வாங்கிட்டுப் போயிரலாமாப்பா?” என்று கேட்டாய். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வாங்கிக்கொண்டு போனோம். நீ சாப்பிட்டுப் போன பிறகு நான் சாப்பிட்டேன்.

திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன் அல்லவா, மறக்கவில்லை. ஏழாம் நாளை விற்றவன் என்று உனக்குப் பெயர் வந்தது. கிள்ளானில் உனக்குப் பேசிக்கொண்டிருந்த பெண் வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். எல்லாம் என் காதுக்கு வந்தது. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், நான் சொல்லவில்லை. நீ செராஸில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாய், ஆறு மாதத்தில் மெல்பர்ன் போனாய். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மருந்து சாப்பிடுங்கப்பா,” என்று மட்டும் சொன்னாய். திரும்பி வந்து வீட்டைத் திறந்தபோது ஃபிரிட்ஜில் அரிசி தீர்ந்தது என்று உன் கையெழுத்து. அதைக் கிழிக்காமல் ரொம்ப நாள் வைத்திருந்தேன். தனியாக இருக்கிறவனுக்கு ஒரு கிலோ அரிசி எவ்வளவு நாள் வரும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நம் பக்கம் தானாக ஓடிக்கொண்டிருந்தது. நீ எழுதியது ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை, அதனால் நான் அதைத் திறந்து பார்க்கவே இல்லை. போன மாதம் இந்த வருடத் திருவிழா நாட்களை ஏற்ற வேண்டியிருந்தது. மேல்மாடியில் தனியாக உட்கார்ந்து நீ எழுதிய புரோகிராமை முதல் வரியிலிருந்து படித்தேன். நாட்களைக் காட்டுகிற இடத்துக்கு வந்தபோது பதினொரு வரிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு குறி. மலர் படிக்கிறவர்களுக்கு: அந்தக் குறி போட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். படித்துப் பார்த்தேன். பூட்டு. நாளையும் உரியவர் பெயரையும் போட்டால் போதும், வேறு யாரும் அதைப் பதிய முடியாது. முழுசாக எழுதி, சோதித்து, ஏழாம் நாளுக்கு வேலாயுதம் அண்ணன் பெயரையும் போட்டு, பிறகு நான் சொன்னதற்காக வாயைக் கட்டி வைத்திருந்தாய். மேலே ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு: அப்பாகிட்ட மறுபடி கேக்கணும்.

நீ மறுபடி கேட்கிற மாதிரி நான் நடந்துகொண்டேனா தம்பி? இல்லை. அந்தப் பதினொரு குறிகளையும் எடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எடுத்துவிட்டு, பைல் அடிக்கிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் ரயில் பிடித்து ரவாங் போனேன். வேலாயுதம் அண்ணன் மகள் வீட்டில் இருக்கிறார். அந்த வருடத்துக்குப் பிறகு அவரோ அவர் ஆட்களோ கோயில் பக்கம் வந்ததில்லை. “வாங்க கிராணி,” என்று நாற்காலியைக் காட்டினார். பூட்டுப் போட வேண்டாம் என்றது நான்தான், மகன் வேண்டும் என்றான் என்று உட்காராமலே சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவன் அப்படிச் சொல்லலியே,” என்றார்.

“யாரு?”

“ஒங்க மவன். கூட்டம் முடிஞ்ச மறுநாளே வந்தான், மழையில தொப்பலா நனைஞ்சுக்கிட்டு. ‘அப்பா பூட்டு போடச் சொன்னாரு தாத்தா, நான்தான் மறந்துட்டேன். அவருமேல கோவப்படாதீங்க, அவருக்குக் கோயில விட்டா வேற ஒன்னும் இல்ல’ன்னான்.”

அவர் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான் உன்மேல் போட்ட பொய்யை, மழையில் போய் நீ ஒட்டுப்போட்டுக் கெட்டிப்படுத்திவிட்டு வந்திருக்கிறாய். அன்றைக்கு நீ நனைந்து வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை.

“அந்தப் புள்ளைய என்ன பேச்சு பேசிட்டேன் தெரியுமா? வாசல்லயே நிக்க வச்சுப் பேசுனேன். குடிக்கத் தண்ணிகூடக் குடுக்கல,” என்றார் அண்ணன். பிறகு, “இத அவன்கிட்ட சொன்னீங்களா?”

“இன்னும் இல்லண்ணே.”

“அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க? மொதல்ல அவன்கிட்ட போங்க.”

ஏழாம் நாளை அவர்கள் பெயரில் பூட்டியிருக்கிறேன். வருவோம் என்று அவர் சொல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். மகாசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று இதையெல்லாம் சொன்னேன். மல்லிகா மட்டும் என் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள். அந்த விதித்தாள் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. உன் கம்பெனியிலும் ஒன்று ஒட்டு, ஆனால் அதை ஒட்டுகிறவன் நீயாக இருந்தால் உன்னைத்தான் முதலில் சந்தேகப்படு. எளிமையாகச் செய், நான் சொன்னது அதிலே தப்பில்லை. ஆனால் கேட்க வராதவர்கள் யார் யார் என்று போய் விசாரித்த பிறகு செய். நான் என் சோம்பேறித்தனத்துக்கும் பிடிவாதத்துக்கும் எளிமை என்று பெயர் வைத்துக்கொண்டேன். வீட்டிலும் அப்படித்தான். நீ கேட்கவில்லை என்பதால் உனக்கு ஒன்றும் தேவையில்லை என்று இருந்துவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு தம்பி. நீ எனக்காகச் சொன்ன பொய்யை இனிமேல் நீ சுமக்க வேண்டாம்.

இப்போது கேட்கிறேன். நான் வரட்டுமா? பாஸ்போர்ட் புதுப்பித்துவிட்டேன். டிக்கெட் வாங்கவில்லை, நீ சொல்லாமல் வாங்க மாட்டேன். மாப்பிள்ளையின் தகப்பன் இடத்தில் நின்று சடங்குகளைச் செய்ய நீ அங்கே வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரப் பெரியவரைக் கேட்டிருக்கிறாய், அவரும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார் என்று மல்லிகா சொன்னாள். உனக்கு அங்கே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவர், காய்ச்சலில் பக்கத்தில் இருந்தவர் அவர். நான் வருகிறேன் என்பதற்காக அவரை நகரச் சொல்லிவிடாதே. அந்த இடம் அவருடையது. எனக்குப் பின்வரிசையில் எங்காவது ஒரு நாற்காலி போதும்.

அப்பா